அக்காவுக்கு அனோரெக்சியா சிகிச்சை நடக்குது: கால் வீக்கம், வயிறு உப்பசம், குளுக்கோஸ் ஏத்தலாமா?

மேனோன்பாறை மல்லி கேட்கிறார்:

வணக்கமுங்க. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருந்து எழுதறேன். அக்காவுக்கு 36 வயசு. அனோரெக்சியா, அதாவது எடை ஏறிடும்ங்கற பயத்துல சாப்பாட்டையே ஒதுக்கற நோய்னு கோயமுத்தூர்ல மனநல மருத்துவர் சொல்லி, மூணு வாரமா சாப்பாட்டுத் திட்டம் ஒண்ணு நடக்குது. முதல் வாரம் ஒழுங்காச் சாப்பிட்டாங்க. அப்புறம் ஆறு நாள் வெறும் கட்டங்காப்பியும் ரெண்டு வாய் மோருமாப் போச்சு. முந்தாநேத்துல இருந்து மறுபடி சாப்பிடறாங்க.

இப்பப் பாத்தா ரெண்டு காலும் வீங்கியிருக்கு, விரல் வெச்சு அழுத்துனா குழி விழுது. ரெண்டு இட்லிக்கே நெஞ்சு வரைக்கும் அடைக்குதுங்கறாங்க. ராத்திரி துணி நனையற அளவுக்கு வேர்த்துக் கொட்டுது. "என் ஒடம்பு சாப்பாட்டையே ஏத்துக்கல"ன்னு ஒரே அழுகை.

அம்மா கஞ்சியும் பழமும் போதும்னு சொல்றாங்க. பக்கத்து கிளினிக்ல ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துனா தெம்பு வந்துரும்ங்கறாங்க. விடியக்காலம் 5 மணிக்கு கால்வாய்க்கரையில ஒரு மணி நேரம் நடக்கறதை நிறுத்த மாட்டேங்கறாங்க. தனு மாசத் திருவாதிரை நோன்பு வேற இருப்பேன்னு பிடிவாதம். மாதவிலக்கு நின்னு ரெண்டு வருசமாச்சு.

இதுல எது சாதாரணம், எதுக்குப் பயப்படணும், வீட்டுல எப்படிச் சாப்பாடு கொடுக்கறது? எடை எத்தனைன்னு வேணும்னே எழுதலைங்க. அக்காவும் இதைப் படிப்பாங்க. பதில் எழுதறவங்களும் எடைக் கணக்கு, கலோரிக் கணக்கு எழுத வேண்டாம்.

---

வார்டு சிஸ்டர்:

மல்லி, மத்ததெல்லாம் அப்புறம். அந்த ஆறு நாள் பட்டினிதான் இப்ப முக்கியம். அஞ்சு நாளைக்கு மேல ஒண்ணும் சாப்பிடாம இருந்துட்டு மறுபடி சாப்பிட ஆரம்பிச்சா, மறு ஊட்டக் கோளாறுக்கான அபாயம் முதல் நாள்ல இருந்து திரும்பத் தொடங்கும். மூணு வாரத்துக்கு முந்தி எடுத்த ரத்தப் பரிசோதனை இப்ப செல்லாது. இன்னைக்கே மருத்துவருக்குப் போன் பண்ணி, ஆறு நாள் சாப்பிடாததையும் மறுபடி தொடங்கினதையும் கால் வீக்கத்தையும் சொல்லுங்க.

உள்ளுக்குள்ள நடக்கறது இதுதான். பட்டினியில உடம்பு கொழுப்பை எரிச்சு ஓடும். செல்களுக்குள்ள இருக்கற பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் கரைஞ்சுட்டே வரும். ஆனா ரத்தத்துல அளவு சரியா இருக்கற மாதிரிதான் தெரியும். திடீர்னு சோறோ சர்க்கரையோ போனதும் இன்சுலின் எகிறும். அது இந்த மூணையும் ரத்தத்துல இருந்து செல்லுக்குள்ள இழுத்துக்கும். அப்பத்தான் ரத்தத்துல அளவு சரியும், இதயத் துடிப்பு தடுமாறும், மூச்சுத் தசை தளரும். முதல் மூணு நாலு நாள்தான் ரொம்பக் கவனம். ரெண்டு வாரம் வரைக்கும் விடக்கூடாது.

அதனால கிளினிக் குளுக்கோஸ் கண்டிப்பா வேண்டாம். டெக்ஸ்ட்ரோஸ், அதாவது அந்த பாட்டில்ல இருக்கற குளுக்கோஸ், நேரா ரத்தத்துல ஏறும்போது மேல சொன்ன இழுப்பு ரொம்ப வேகமா நடக்கும். இன்னொரு ஆபத்தும் இருக்கு. சர்க்கரையை எரிக்க தயமின், அதாவது வைட்டமின் பி1 வேணும். கையிருப்பு தீர்ந்துபோன உடம்புக்குள்ள தயமின் இல்லாம சர்க்கரை போனா மூளையே பாதிக்கப்படும். கண் ஆடும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். அதனாலதான் மறுபடி ஊட்டம் தொடங்கறதுக்கு முந்தியே தயமின் கொடுத்து, முதல் பத்து நாளாவது தொடர்வாங்க. பெரும்பாலும் ஒரு நாளைக்கு 200 முதல் 300 மில்லிகிராம், பிரிச்சு. அக்காவோட மருந்துச் சீட்டுல அது இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா மருத்துவர்கிட்ட கேளுங்க.

லேப்ல கவனிக்க வேண்டியது ஒண்ணு. "எலக்ட்ரோலைட்ஸ்"னு எழுதிக் கொடுத்தா சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட்டோட நிப்பாங்க. பாஸ்பரஸ் (லேப்ல பாஸ்பேட்டுக்கு இந்தப் பேர்தான்), மெக்னீசியம் ரெண்டையும் தனியா எழுதி வாங்கணும். நமக்கு வேண்டியதே அதுதான். கூடவே ரத்தச் சர்க்கரை, சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், கல்லீரல் பரிசோதனை, ஈசிஜி. ஒரு தடவை எடுத்துட்டு விட்டுடக் கூடாது. சாப்பாடு தொடங்கின பிறகுதான் அளவு விழும், அதனால சில நாள் இடைவெளியில திரும்ப எடுக்கணும். இடைவெளியை மருத்துவர் சொல்லட்டும்.

கால் வீக்கம் மறு ஊட்டத்துல அடிக்கடி வர்றது. இன்சுலின் ஏறும்போது சிறுநீரகம் உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வைக்குது. முன்னாடி வாந்தி எடுக்கற பழக்கமோ பேதி மாத்திரையோ இருந்து நிறுத்தியிருந்தா இன்னும் அதிகமா வீங்கும். காலைத் தலையணை மேல தூக்கி வைங்க, உப்பு அதிகமான ஊறுகாய், அப்பளத்தைக் கொஞ்சம் குறைங்க. சாப்பாடு ஒழுங்கா நடந்தா சில வாரத்துல வடியும். மருந்துக்கடையில கேட்டு நீர் பிரியற மாத்திரை மட்டும் வாங்கிடாதீங்க. அது பொட்டாசியத்தை இன்னும் கீழ இறக்கும், நிறுத்தினதும் வீக்கம் இன்னும் மோசமாத் திரும்பும். அக்காவுக்குச் சொல்லணும்: இது தண்ணி, கொழுப்பு இல்லை.

உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகளைச் சொல்றேன். நாடியை அஞ்சு நிமிஷம் படுத்த பிறகு ஒரு முழு நிமிஷம் எண்ணுங்க. விழிச்சிருக்கும்போது 50-க்குக் கீழ இருந்தா அன்னைக்கே மருத்துவருக்குத் தெரியணும், 40-க்குக் கீழ இருந்தா அவசரம். தினம் நடக்கறதால நாடி மெதுவா இருக்குன்னு யாராவது சொன்னா ஏத்துக்காதீங்க. எந்திரிச்சு நின்னதும் நாடி 30-க்கு மேல கூடினாலோ, மேல் ரத்த அழுத்தம் 20-க்கு மேல இறங்கினாலோ, மயக்கம் வந்தாலோ ஆபத்து. சர்க்கரை 54-க்குக் கீழ, உடம்புச் சூடு 35.5 செல்சியசுக்குக் கீழ போனாலும் அப்படித்தான். குந்தி உட்கார்ந்து கை ஊன்றாம எந்திரிக்க முடியுதான்னு பாருங்க. முடியலைன்னா தசை பலம் ரொம்ப இறங்கியிருக்கு. நெஞ்சு படபடப்பு, மூச்சுத் திணறல், குழப்பம், வலிப்பு எது வந்தாலும் 108 கூப்பிடுங்க.

ரத்தம் நார்மலா வந்துட்டா ஆபத்தில்லைன்னு அர்த்தம் இல்லை. ரொம்ப மோசமான நிலையிலயும் ரத்த அளவுகள் கடைசி வரைக்கும் சரியாவே இருக்கறதுண்டு.

---

அளவும் சோறும்:

உணவியல் பக்கம் நான் சொல்றேன். சிஸ்டர் சொன்ன பரிசோதனை முடிஞ்சு, எந்த அளவுல தொடங்கலாம்னு மருத்துவரும் டயட்டீஷியனும் சொன்ன பிறகு செய்ய வேண்டியது இது. முதல் சில நாள் அவங்க சொல்ற அளவுதான். வேகமா ஏத்தறது எவ்வளவு ஆபத்தோ, பயந்துட்டுக் கொஞ்சமாவே வாரக்கணக்கா வெச்சிருக்கறதும் அவ்வளவு ஆபத்து.

அம்மாவோட கஞ்சி யோசனை பாசத்துல வர்றதுதான், ஆனா இந்த நோய்க்கு ஒத்துவராது. கஞ்சியில முக்கால்வாசி தண்ணி. சுருங்கிப்போன இரைப்பை ஒரு டம்ளர்லயே நிறைஞ்சிடும், உடம்புக்குக் கிடைக்கறது சொற்பம். தர்பூசணி, வெள்ளரி, முட்டைக்கோஸ் பொரியல், ரசம், நீர்மோர் எல்லாமே இப்படித்தான். அனோரெக்சியா தானாத் தேடிப்போற சாப்பாடும் இதுகதான், அதனால வீட்டுல யாருக்கும் சந்தேகமே வராது. கொள்ளு ரசம், வெறும் வயித்துல எலுமிச்சை தேன் தண்ணி, கட்டங்காப்பி, மூணும் சமையலறைக்குள்ள வரவே வேண்டாம். நமக்கு வேண்டியது சின்ன அளவுக்குள்ள நிறையச் சத்து. அதுக்கு இந்த ஊர் சமையல் மாதிரி வசதி வேற எங்கயும் இல்லை: தேங்காய், நல்லெண்ணெய், நெய், நேந்திரம்பழம்.

கஞ்சிதான் இறங்குதுன்னா சத்துமாவைத் தண்ணியில காய்ச்சாம முழுக்கொழுப்புப் பால்ல காய்ச்சுங்க. 200 மில்லி பாலுக்கு மாவு ரெண்டு மேசைக்கரண்டி, வெல்லம் ஒண்ணு, இறக்கும்போது நெய் ஒரு டீஸ்பூன். பால்ல பாஸ்பேட்டும் நிறைய இருக்கறதால இந்த நிலைக்கு நல்ல ஆகாரம்.

மூணு வேளை சாப்பாடு, நடுவுல மூணு வேளை சிற்றுண்டி. இடைவெளி மூணு மணி நேரம், மிஞ்சினா நாலு. சாப்பாட்டுக்கு அரை மணியில இருந்து முக்கால் மணி, சிற்றுண்டிக்குக் கால் மணி. இதுக்கு மேல இழுத்தா ஆறிப்போய், உப்பசமும் கூடி, அடுத்த வேளை தள்ளிப்போகும். பசிச்சா சாப்பிடலாம்னு காத்திருக்கவே கூடாது. பசி, நிறைவு ரெண்டோட சமிக்ஞையும் பட்டினியில கெட்டுப்போயிருக்கும், திரும்ப மாசக்கணக்காகும். அதுவரைக்கும் கடிகாரம் சொல்றதுதான் பசி.

திட்டம் முழு அளவுக்கு வந்த பிறகு ஒரு நாள் ஏறக்குறைய இப்படி இருக்கும். எழுந்ததும் பால் கலந்த காப்பி ஒரு டம்ளர், ரெண்டு பிஸ்கட். எட்டரைக்கு மூணு இட்லி, மிளகாய்ப் பொடியில நல்லெண்ணெய் ரெண்டு டீஸ்பூன், அரைக் கப் கெட்டித் தேங்காய்ச் சட்னி. பதினொன்னுக்கு ஆவியில வெந்த நேந்திரம்பழம் ஒண்ணு, மேல நெய்யும் துருவின தேங்காயும், கூட ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை. மத்தியானம் அரிசிம்பருப்புச் சாதம் ரெண்டு கப், நெய் ஒரு மேசைக்கரண்டி, தேங்காய் அரைச்ச மொளகூட்டல், ஒரு முட்டை, கெட்டித் தயிர் ஒரு கப். முட்டை சாப்பிடாதவங்களா இருந்தா பன்னீரோ கடலைக் கறியோ. சாயங்காலம் ஒப்பிட்டு ஒண்ணு, பால் ஒரு டம்ளர். ராத்திரி சந்தகையில தேங்காய்ப்பாலும் வெல்லமும், இல்லைன்னா புட்டு கடலை. படுக்கறதுக்கு முந்தி ஒரு டம்ளர் பால். இதைப் பார்த்து மலைக்க வேண்டாம். ரெண்டு மூணு நாளுக்கு ஒரு தடவை ஒரு சேர்க்கைன்னு ஏத்தினா இங்க வந்து சேரும்.

பரிமாறறது வேற ஒருத்தரா இருக்கணும். அக்காவே தட்டுல போட்டா ஒவ்வொரு நாளும் ஒரு கரண்டி குறையும். சமையலறையில நின்னு "எண்ணெய் இவ்வளவா"ன்னு பார்க்கறதும் தற்காலிகமா நிக்கணும். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் யாராவது கூட உட்கார்ந்திருங்க. டிவி, பூத்தொடுக்கறது, சீட்டு, எதுவானாலும் சரி. சாப்பிட்ட கையோட குளியலறைக்குப் போற பழக்கம் இருந்தா இது ரொம்ப அவசியம்.

அடைப்புக்குக் காரணம், இரைப்பை காலியாகறது மெதுவாயிட்டதுதான். அதுக்கு மருந்தே சாப்பாடுதான். ஒழுங்காச் சாப்பிட்டா சில வாரத்துல கணிசமாக் குறையும். சாப்பாட்டுக்கு நடுவுல தண்ணி வேண்டாம், வெதுவெதுப்பா வெந்நீர்ப் பை வயித்து மேல வெச்சுக்கலாம். வயித்து அடைப்புக்குப் போடற டாம்பெரிடோன் மாத்திரையைக் கடையில கேட்டு வாங்கிப் போடாதீங்க. பொட்டாசியம் குறைஞ்சிருக்கறவங்களுக்கு அது இதயத் துடிப்பைக் குலைக்கும், ஈசிஜி பார்த்துட்டு மருத்துவர்தான் கொடுக்கணும். மலச்சிக்கலுக்கு இசப்கோல் வயித்தை இன்னும் உப்ப வைக்கும். சூரத்தாவாரைப் பொடி, பேதி மாத்திரை ரெண்டும் தொடவே கூடாது.

ராத்திரி வேர்வைக்கு வருவோம். இத்தனை நாள் சிக்கனமா ஓடின உடம்பு ஆகாரம் கிடைச்சதும் சூட்டைக் கூட்டுது, பழுதுபார்க்கற வேலையும் தொடங்குது. அதனாலதான் மத்த பொண்ணுங்க சாப்பிடற அளவு அக்காவுக்குப் பத்தாது. ஒழுங்காச் சாப்பிட்டும் எடை நகராத வாரங்கள் வரும், அப்ப அளவை ஏத்தணும். ஏத்துக்காத உடம்பு இப்படிச் சூடாகாது. காய்ச்சல் இருக்கான்னு மட்டும் ஒரு தடவை பார்த்துக்குங்க.

எடை மெஷினை வீட்டுல இருந்து அப்புறப்படுத்துங்க. வாரம் ஒரு தடவை, மருத்துவமனையில, சிறுநீர் கழிச்ச பிறகு, ஒரே மாதிரி லேசான உடுப்புல, முதுகைத் திருப்பி நின்னு பார்த்தாப் போதும். போறதுக்கு முந்தி ரெண்டு லிட்டர் தண்ணி குடிச்சுட்டுப் போறது இந்த நோய்ல நடக்கற ஒண்ணு. அது எடையைப் பொய்யாக்கறதோட சோடியத்தையும் இறக்கி வலிப்பைக் கொண்டுவரும்.

---

வேலந்தாவளம் வாசகி:

மேலே உள்ள இரண்டு பதில்களும் நன்று. எடையை முதுகு திருப்பிப் பார்ப்பது பற்றி மட்டும் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. உணவுக் கோளாறுகளுக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில், அதாவது ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய முறையில், வாரம் ஒருமுறை சிகிச்சையாளரும் நோயாளியும் சேர்ந்து எண்ணைப் பார்ப்பார்கள். நாலு வாரக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்று வரைந்து பேசுவார்கள். எண்ணுக்குப் பயந்து ஒளிவதும் நோயின் ஒரு பகுதிதான் என்பது அதன் வாதம். எந்த முறை என்பதை அக்காவின் சிகிச்சையாளர் தீர்மானிக்கட்டும். வீட்டில் மெஷின் கூடாது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

மாத்திரை மட்டும் நடக்கிறதா, பேச்சு சிகிச்சை இருக்கிறதா என்று மல்லி எழுதவில்லை. அனோரெக்சியாவைக் குணப்படுத்தும் மாத்திரை என்று ஒன்று கிடையாது. ஃப்ளுவாக்செட்டின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் எடை குறைந்த நிலையில் எடை கூட உதவுவதாகத் தெரியவில்லை. ஒலான்சபின் என்ற மனநோய் மருந்து குறைந்த அளவில் சிலருக்குக் கொஞ்சம் துணை செய்யும். புப்ரோப்பியான் என்ற மனச்சோர்வு மருந்தை இந்த நோய் உள்ளவர்களுக்குக் கொடுக்கவே கூடாது, வலிப்பு வரும். பெரியவர்களுக்கு, 2017-இல் வந்த பிரிட்டன் வழிகாட்டுதல் மேற்சொன்ன சிகிச்சையை நாற்பது வாரத்தில் நாற்பது அமர்வுகள் வரை பரிந்துரைக்கிறது. ஆகவே ஆறு அமர்வில் பலன் இல்லை என்று நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: உணவுக் கோளாறில் பழக்கமுள்ள உளவியலாளர் யார், வாரம் எத்தனை அமர்வு? பாலக்காடு, கோவை இரண்டிலும் கிடைக்காவிட்டால் பெங்களூரு நிம்ஹான்ஸ், வேலூர் சிஎம்சியின் பாகாயம் மனநல மையம் இரண்டையும் விசாரிக்கலாம்.

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குப் பெற்றோரே சாப்பாட்டைக் கையில் எடுத்துக்கொள்ளும் முறை நன்கு பலிக்கிறது. முப்பத்தாறு வயதுப் பெண்ணிடம் அதை அப்படியே செய்தால் வீடு போர்க்களமாகும். அமைதியான ஒரு நேரத்தில், சாப்பாட்டு மேசையில் அல்லாமல், ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: யார் பரிமாறுவது, பாதியில் எழுந்தால் யார் என்ன சொல்வது, எந்த வேளை தவறினால் மருத்துவருக்குச் சொல்வது. அக்காவின் கையெழுத்தும் அதில் இருக்கட்டும். நெருக்கடி நேரத்தில் "இதை நீங்களே ஒப்புக்கிட்டீங்க அக்கா, அடுத்த வாய்" என்ற ஒரு வரி போதும். மேசையில் விவாதம் வேண்டாம். பட்டினி கிடக்கும் மூளையோடு தர்க்கம் செய்து வெல்ல முடியாது.

அந்த மூளையைப் பற்றிக் குடும்பத்தார் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ், உடலும் மனமும் திடமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்களில் பலரும் நாள் முழுக்கச் சாப்பாட்டையே நினைத்தார்கள், சமையல் குறிப்புகளைச் சேர்த்தார்கள், ஒரு தட்டுச் சாப்பாட்டை மணிக்கணக்கில் அளைந்தார்கள், எரிந்து விழுந்தார்கள், ஆட்களைத் தவிர்த்தார்கள். மறுபடி வயிறாரச் சாப்பாடு கிடைத்தபின்னும் பல மாதம் அடங்காப் பசி இருந்தது. ஆகவே "அவ சுபாவமே பிடிவாதம்" என்று இப்போது யாரும் முடிவு கட்ட வேண்டாம். பின்னாளில் அக்காவுக்கும் அந்த அடங்காப் பசி வந்தால் பயந்துபோய்த் தட்டைப் பிடுங்கவும் வேண்டாம்.

நடை இப்போதைக்கு முழுமையாக நிற்க வேண்டும். நாடி, ரத்த அழுத்தம், பாஸ்பேட் மூன்றும் சரியாகி மருத்துவர் சொல்லும்வரை ஐந்து நிமிட நடைகூட நோயோடு செய்யும் பேரம்தான். நோய் விடியற்காலையில் நடக்கும், அதை நிறுத்தினால் வீட்டுக்குள் நின்றுகொண்டே இருக்கும், மாடிப்படி ஏறி இறங்கும், துணி துவைக்கிறேன் என்று கிளம்பும். அதையும் கவனியுங்கள். ஐந்து மணிக்கு விழிப்பு வருவதும் பட்டினியின் அறிகுறியே. அந்த நேரத்தில் ஒரு டம்ளர் பாலும் போர்வையும் துணைக்கு ஒரு ஆளும் இருந்தால் முதல் பத்து நாள் தாண்டும். பெரும்பாலும் கடினம் அந்தப் பத்து நாள்தான்.

நோன்பு. கேரள வழக்கில் திருவாதிரைக்கு அரிசியை விலக்கிக் கூவைக்கிழங்கு மாவும் புழுக்கும் (வேகவைத்த கிழங்கு, பயறு) சாப்பிடுவார்கள். இந்த நோய்க்கு அது மிக வசதியான மறைப்பு. உண்ணாதிருப்பதற்குப் புண்ணியமும் பாராட்டும் கிடைத்துவிடும். நோயாளிக்கு நோன்பு கடமை அல்ல என்பது எல்லாப் பெரியவர்களும் ஒப்புக்கொள்வது, கோயில் அர்ச்சகரோ வீட்டுப் பெரியவரோ அதை அக்காவிடம் வாயால் சொல்லட்டும். தமிழ் வழக்கில் திருவாதிரை என்றால் களியும் கூட்டும் அல்லவா. அரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், நெய், தேங்காய் போட்ட களியைப் படைத்து, பிரசாதமாக அக்காவும் வீட்டாரோடு சாப்பிடட்டும். விளக்கு ஏற்றட்டும், பாடட்டும். ஆறு வேளையில் ஒரு வேளைகூட அன்று குறையக் கூடாது. ஏகாதசி, வெள்ளிக்கிழமை, கார்த்திகைச் சோமவாரம் எல்லாவற்றுக்கும் இதே ஏற்பாடு.

உறவுக்காரர்கள் வந்தால் உடம்பைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். "தேறிட்டே", "மூஞ்சி தெளிஞ்சிருச்சு", "இப்பத்தான் ஆள் மாதிரி இருக்கே" எல்லாம் அன்பில் வருபவைதான், ஆனால் அக்காவின் காதில் "குண்டாகிவிட்டாய்" என்று மட்டுமே விழும். எடை திரும்பத் தொடங்கும் இந்தக் கட்டத்தில்தான் அச்சமும் அருவருப்பும் உச்சத்துக்குப் போகும். முதலில் வயிற்றுப் பகுதியில் சதை சேரும். எடை நிலைத்து ஓராண்டு போலச் சென்றால் அது உடம்பெங்கும் சமமாகப் பரவும். இதை இப்போதே அக்காவுக்குச் சொல்லிவைப்பது பின்னால் பெரிய உதவி.

இந்த நோயில் தற்கொலை அபாயம் உண்மையானது. "சாகணும்னு தோணுதா அக்கா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமென்றால் தனியாக விடாதீர்கள், அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். டெலி மானஸ் 14416 இரவும் பகலும் இயங்கும் இலவச மனநல உதவி எண். கேரளத்தின் திசா உதவி எண் 1056.

---

மகளிர் மருத்துவம்:

மாதவிலக்கு பற்றி மட்டும். ரெண்டு வருசம் நின்னிருந்தா எலும்பு அடர்த்திப் பரிசோதனை, டெக்சா, எடுக்கறது நியாயம். மாதவிலக்கு வரவழைக்கக் கருத்தடை மாத்திரை கொடுத்தா ரத்தப்போக்கு வரும். ஆனா அது உடம்பு தேறினதுக்கு அடையாளம் இல்லை, எலும்பையும் காப்பாத்தாது. தேறாமலேயே தேறின மாதிரி எல்லாரையும் நம்ப வைக்கறதுதான் மிச்சம். எலும்புக்கு முதல் மருந்து எடை திரும்பறது. கால்சியம் பால், தயிர், ராகி, சின்ன மீன்ல இருந்து வரட்டும். வைட்டமின் டி அளந்து பார்த்துக் குறையிருந்தா மாத்திரை. எலும்பு ரொம்பத் தேய்ஞ்சிருந்தா தோல்ல ஒட்டற ஈஸ்ட்ரோஜன் பத்தி நிபுணர் முடிவு பண்ணுவார்.

இன்னும் ரெண்டு எச்சரிக்கை. ஸ்கேன்ல சினைப்பையில நிறையச் சின்னக் கட்டிகள் தெரிஞ்சு "பிசிஓடி, எடையைக் குறைங்க"ன்னு யாராவது எழுதிடலாம். பட்டினியால நின்னுபோன மாதவிலக்கிலயும் திரும்பி வர்ற கட்டத்திலயும் சினைப்பை அப்படித் தெரியறதுண்டு. ஸ்கேன் எடுக்கறவங்ககிட்டயே அனோரெக்சியா இருக்குன்னு முதல்ல சொல்லிடுங்க. அதே மாதிரி பட்டினியில தைராய்டு டி3 அளவு இறங்கும். உடம்பு சேமிக்கறதுக்குச் செய்யற ஏற்பாடு அது. தைராய்டு நோய்னு நினைச்சுத் தைராக்சின் மாத்திரை தொடங்கினா எடையும் எலும்பும் இன்னும் போகும்.

மாதவிலக்கு வர்றதுக்கு முந்தியே கருமுட்டை வெளிவரும். கல்யாணம் ஆனவங்களா இருந்தா, இப்போதைக்குக் கர்ப்பம் வேண்டாம்னா பாதுகாப்பு தேவை.

---

மேனோன்பாறை மல்லி:

எல்லாருக்கும் நன்றிங்க. மருத்துவருக்குப் போன் பண்ணியாச்சு, தயமின் சீட்டுல இல்லை, இப்ப எழுதிட்டாங்க. நாளைக்குக் காலையில பாஸ்பரஸ், மெக்னீசியம், ஈசிஜி. ரெண்டு சந்தேகம். படுக்கையில சேர்க்கணும்னு சொல்லி அக்கா மாட்டேன்னா என்ன பண்றது, இன்சூரன்ஸ் கொடுப்பாங்களா? அப்புறம், தோப்புல இளநீர் நிறைய இருக்கு. பொட்டாசியத்துக்கு நல்லதுன்னு மாமா தினம் மூணு நாலு வெட்டிக் கொடுக்கறாரு, கொடுக்கலாங்களா?

---

வார்டு சிஸ்டர்:

2017-ஆம் வருச மனநலச் சட்டப்படி அக்காவே சம்மதிச்சுச் சேரலாம், அதுதான் எப்பவும் நல்ல வழி. உயிருக்கு ஆபத்தான நிலையில முடிவெடுக்கற திறன் இல்லைன்னு ஆகிட்டா, நியமனப் பிரதிநிதி, அதாவது சிகிச்சை விஷயத்துல அக்கா சார்பா நிக்கறவங்க, விண்ணப்பிச்சு, ரெண்டு நிபுணர்கள் தனித்தனியாப் பார்த்து, 89-ஆவது பிரிவுல 30 நாள் வரைக்கும் சேர்க்கலாம். அந்தப் பிரதிநிதி யார்னு அக்கா தெளிவா இருக்கும்போதே எழுதி வெச்சா பின்னாடி சண்டை வராது. நாடி, பொட்டாசியம் மாதிரி உடம்புக் கோளாறுக்குப் பொது மருத்துவ வார்டுலதான் முதல்ல சேர்ப்பாங்க, அதுக்கு மனநல வார்டு வரைக்கும் போகத் தேவையில்லை. அக்காவுக்கும் அது ஒத்துக்க சுலபமா இருக்கும். இன்சூரன்ஸ்: மத்த நோய்க்குக் கொடுக்கற மாதிரியே மனநோய்க்கும் கொடுக்கணும்னு அதே சட்டத்துல 21-ஆவது பிரிவு சொல்லுது. மறுத்தா எழுத்துல காரணம் கேளுங்க. கேரள இன்சூரன்ஸ் கார்டு தமிழ்நாட்டு ஆஸ்பத்திரியில செல்லுமான்னு சேர்றதுக்கு முந்தி இன்சூரன்ஸ் கவுண்டர்ல விசாரிச்சுட்டுப் போங்க.

இளநீர் மூணு நாலு வேண்டாம். அதுல பொட்டாசியம் உண்டு, ஆனா இப்ப நமக்குக் கவலை தர்ற பாஸ்பேட் ரொம்பக் குறைவு. சிறுநீரகம் சரியா வேலை செய்யுதான்னு நாளைக்குத்தான் தெரியும், அது தெரியாம பொட்டாசியத்தை அள்ளி ஊத்தறதும் இதயத்துக்கு ஆகாது. அதோட ஒரு இளநீர் வயித்துல போனா அடுத்த வேளை சாப்பாட்டுக்கு இடம் இருக்காது. கிரியாட்டினினும் பொட்டாசியமும் வந்த பிறகு மருத்துவர் சரின்னா ஒண்ணு கொடுங்க, அதுவும் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு. தேங்காயை முத்த விட்டுச் சட்னிக்கும் பாலுக்கும் எடுங்க. நாளைக்கு ரிப்போர்ட் வந்ததும் பாஸ்பரஸ் 2.5-க்குக் கீழயோ, பொட்டாசியம் 3.5-க்குக் கீழயோ இருந்தா சாயங்காலம் வரைக்கும் காத்திருக்காம மருத்துவருக்கு உடனே போன் பண்ணுங்க. அதுக்குப் பயந்து அந்த வேளை சாப்பாட்டை நீங்களா நிறுத்திடாதீங்க, என்ன கொடுக்கறதுன்னு அவரையே கேளுங்க.